கேசட்டில் பாடியவன்

பங்க் இசை தலைகாட்டுவதற்கு முன்பு, 1973இல், லண்டன் ராக் பாட்டுகளை ரங்கூனில் மேடையேற்றிய குழுவில் நெல்சன் கிட்டார் வாசித்தார். பாடியவன் செபாஸ்டியன். இருவருக்கும் ஆகவே ஆகாது. மறுவருஷம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊரின் படகுத்துறையில் செபாஸ்டியன் மூழ்கிச் செத்தான். குழு பதிந்ததில் மிஞ்சிய ஒரே கேசட்டில் பாடுவது தான்தான் என்று நெல்சன் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவந்தார். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் மனைவி அவரைக் கட்டிக்கொண்டாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கரண்டு போவதற்குள் அந்தக் கேசட்டை ஓடவிட்டுப் பாட்டைப் போனில் பதிந்து இணையத்தில் போட மகள் ஜெசி உட்கார்ந்தாள். கிட்டார் பழையபடி துள்ளிக்கொண்டு வந்தது. குரல் மட்டும் கிழவனுடையதாக இருந்தது. கரகரத்தது, மூச்சு வாங்கியது, ஆனால் எங்கும் பிசகவில்லை.

"இப்ப புதுசா பாடிச் சேத்தீங்களாப்பா?"

"ஆமா" என்றார் நெல்சன்.

பாட்டு முடிந்ததும் கேசட்டுக்குள் யாரோ இருமினார்கள். "டேய் நெல்சன், அம்பது வருஷமா என் குரல வச்சுப் பொழச்சுட்ட. அடுத்தத நீயே பாடு" என்றது அதே குரல்.

கிட்டார் அடுத்த பாட்டைத் தொடங்கியது. பாடவேண்டிய இடத்தில் யாரும் பாடவில்லை. கிட்டார் திரும்ப முதலிலிருந்து வந்தது. நெல்சன் பொத்தானை அமுக்கினார். கேசட்டின் சக்கரங்கள் நின்றன. கிட்டார் நிற்கவில்லை.

ஜெசி போனை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"பாடுங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.