நாகம்மாள் வீட்டுக் கோழி

"அந்தக் களவாணிப் பய செழியன் பண்ண வேலையைக் கேளுங்கடி!"

வரப்பில் வந்துகொண்டிருந்த மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்கா இந்தப் பேச்சு?

செழியன் எல்லைச் சண்டையில் உயிரைக் கொடுத்த ஊர்ப்பிள்ளை. இன்று அவனுடைய நினைவு நாள். பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டாயிற்று. படத்துக்கு மாலை வந்தாயிற்று. பதினோரு மணிக்குத் தாசில்தார் வருகிறார். எல்லாம் ஊராட்சித் தலைவி மலர்க்கொடியின் ஏற்பாடு. ஆனால் அவனைப் பெற்ற தாய் அம்சத்தைத்தான் காணோம். விசாரித்தால், காலையிலேயே நடவுக்குப் போய்விட்டாளாம்! அழைத்துப் போகலாம் என்று வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

சேற்றில் குனிந்து வரிசையாக நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் பெண்கள். நாகம்மாளின் குரல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"லீவுல வந்தவன் என் வெடைக்கோழிய அமுக்கிட்டாண்டி. கூட்டாளிங்களச் சேத்துக்கிட்டு மோட்டார் கொட்டாயில கொழம்பு வெச்சுட்டான். அதோட வுட்டானா? 'பெரியம்மா, ருசி பாருங்க'ன்னு எனக்கே ஒரு கிண்ணம் கொண்டாந்து குடுக்குறான். நானும் எலும்பக்கூட வுடாம கடிச்சுத் தின்னுட்டு, சாயங்காலம் கோழியக் காணோம்னு தெருத்தெருவா அலையுறேன். கூடவே தேடுனதும் அந்தப் பயதான்!"

நடவு வரிசையே குலுங்கிச் சிரித்தது.

மலர்க்கொடிக்கு வந்ததே கோபம்!

"பெரியம்மா! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? நாட்டுக்காக உசுர விட்ட புள்ளையக் கோழித் திருடன்னு சொல்லிச் சிரிக்கிறீங்களே. அதுவும் பெத்தவங்களப் பக்கத்துல வெச்சுக்கிட்டு! உங்க வயசுக்கு இது அழகா?"

சிரிப்பு பட்டென்று அடங்கியது. நாகம்மாள் குனிந்து அடுத்த நாற்று முடியைப் பிரித்தாள். நன்றாகக் கேட்டோம் என்று மலர்க்கொடிக்குத் திருப்தி.

"வாங்க சித்தி, போகலாம். நேரமாச்சு."

அம்சம் கரையேறினாள். வாய்க்காலில் கால் கழுவும்போது கேட்டாள்.

"ஏன் மலரு அக்காவத் திட்டுன?"

"பின்ன என்ன சித்தி? உங்களுக்கு வலிக்கல?"

"மேடையில பேசுறவங்க எல்லாரும் எம்புள்ள செத்த நாளப் பத்தியே பேசுறாங்க. இங்க வந்தாதான் அவன் சேட்டை பண்ணிக்கிட்டுத் திரியுறான். சொல்லு சொல்லுன்னு அக்காவ நச்சரிக்கிறதே நாந்தான்."

"அதுக்காகத் திருடுன கதையையா சொல்லணும்?"

அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா வீட்டுல ஏது கோழி? அது ஒரு நாளும் வளத்ததே இல்ல."

மலர்க்கொடி விழித்தாள்.

"இருவத்துமூணு வயசுல போனவன் மலரு. நடந்த கதை எத்தனை இருந்துடப் போவுது? போன நடவுலயே எல்லாம் தீந்துபோச்சு. நான் மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னேன். மறுநாள்லேருந்து அக்கா புதுசு புதுசா கட்டி வுடுது. பொய்யின்னு அங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா கேக்கக் கேக்க, எம்புள்ள இன்னும் ஊருக்கு லீவுல வந்துட்டுப் போற மாதிரி சந்தோஷமா இருக்கு."

அம்சம் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ திட்டுனதுல, நாளைக்கு அது வாயத் தொறக்கலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. வயலில் எல்லோரும் தலை நிமிராமல் நட்டுக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் வந்தால் காத்திருக்கட்டும் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் வரப்பில் ஏறினாள்.

"பெரியம்மா! கோழி என்ன பெரிய கோழி? எங்க கொல்லை மாமரத்த மொட்டையடிச்சது யாருன்னு நெனச்சீங்க? அந்தச் செழியப் பயதான்! ஏறுனவன் எறங்கத் தெரியாம ஓன்னு கத்த, நான்தான் ஏணி வெச்சு எறக்கி விட்டேன். எறங்குனவன் ஏணியையும் தூக்கிட்டு ஓடிட்டான்!"

நாகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்கால் கரையில் அம்சம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மலர்க்கொடியின் கொல்லையில் எந்தக் காலத்திலும் மாமரம் இருந்ததில்லை.