நனைந்தும் சுருங்காதது

அக்காவின் காலில் புடைத்திருந்த ரத்தக்குழாயை அறுவை செய்து எடுத்தார்கள். ஜவுளிக்கடை நடத்தும் மாமா கண்ணால் பார்க்காத சரக்கை நம்பமாட்டார். டாக்டரை நச்சரித்து அதை மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வாங்கிவந்தார். நசுங்கிய மண்புழுபோல் வெளிறிக் கிடந்தது. சாப்பாட்டு மேசையிலேயே அதை வெளியே எடுத்து, கடையின் மீட்டர் கோலை வைத்து அளந்தார்.

"முப்பத்தெட்டு சென்டிமீட்டர். டாக்டர் சொன்ன கணக்கு சரிதான்."

நான் என் தட்டைத் தள்ளிவைத்தேன்.

நான்காம் நாள் நாற்பத்தொன்று இருந்தது.

"கோலைத் தப்பாப் பிடிச்சிருப்பீங்க மாமா."

"முப்பது வருஷமாப் பிடிக்கிறேன்டா. நனைஞ்ச சரக்கு சுருங்கும், நீளுமா?"

ஆறாம் நாள் நாற்பத்தேழு. முனையில் புதுச் சிவப்பு. மூடியைத் திறந்தால் மீன் கழுவிய தண்ணீரின் வாடை.

அன்றுதான் அக்கா, "கால் ஜில்லுனு இருக்குடா, கிள்ளினாக்கூடத் தெரியல" என்றாள். கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

மருத்துவமனைக்கு ஓடினோம். புகார் சொல்லப் போனால் சரக்கையும் கையோடு கொண்டுபோவது மாமாவின் வழக்கம்.

டாக்டர் கணுக்காலில் விரல் வைத்தார். இடம் மாற்றி மாற்றித் தேடினார்.

"துடிப்பே கிடைக்கல. இப்படியே போனா காலை எடுக்கவேண்டி வரும்."

மாமா பையிலிருந்த பாட்டிலை என் கையில் திணித்தார்.

"நீயே பாரு. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. என் விரலுக்கடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அது கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு, நிதானமாக, நல்ல ஆரோக்கியத்தோடு துடித்துக்கொண்டிருந்தது.