புள்ளிக்குக் காது

“திரையில இருக்கிற புள்ளிகிட்ட பேசுற ஆள் ஒருத்தர் மிச்சம் இருக்கிற வரைக்கும் மனுஷகுலம் உருப்படாது,” என்று தம்பி நிதானமாகத் தீர்ப்பு சொல்கிறான். அக்கா திரும்புவதாக இல்லை. கம்ப்யூட்டர் வரைபடத்தில் மலைப்பாதை சுருண்டு கிடக்கிறது; அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி, அப்பாவின் பழைய ஜீப். போன் சிக்னல் எட்டாத மலை. ஜீப்பிலுள்ள ஹாம் ரேடியோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைக் காற்றில் எறிகிறது. சிகரத்தில் முகம் தெரியாத யாரோ வைத்த கருவி அதைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. மேசைமேல் அதைக் கேட்கும் இன்னொரு ரேடியோ தகரத்தைச் சுரண்டினாற்போல ‘கிர்ர்’ என்கிறது, புள்ளி நகர்கிறது. “மெதுவா வாங்கப்பா,” என்கிறாள் அக்கா. “அதுக்குக் காது கிடையாதுக்கா.” மழை வலுக்கிறது. இரண்டு நிமிடம் போகிறது, பிறகு எட்டு. கொண்டை ஊசி வளைவில் புள்ளி நின்றது நின்றபடி இருக்கிறது. ஆன்டெனாவைப் பார்க்க அக்கா மாடிக்கு ஓடுகிறாள். தம்பி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறான்; அதற்குமேல் திருக இடமில்லை. கிர்ர். அந்த அரை விநாடிச் சத்தத்துக்குள் ஒரு முழு அப்பா, மலையையும் மழையையும் தாண்டி அறைக்குள் வந்து சேர்கிறார். புள்ளி வளைவைக் கடந்திருக்கிறது. தம்பி மாடிப்படியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறான். பிறகு திரையருகே குனிந்து, “மெதுவாவே வாங்கப்பா,” என்கிறான்.