மடுவில் மடித்த கூடாரம்

மடு மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை, பள்ளிமுனைக்குத் திரும்புவதற்காகச் சுவேதினியும் கணவன் மில்ரனும் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பிள்ளை கேட்டு அவர்கள் மாதாவிடம் வருவது இது ஏழாவது ஆண்டு.

பாயைச் சுருட்டியபோது, இருவரும் படுத்த இடங்களுக்கு நடுவில் கூடாரத்தின் தரைச்சீலையில் ஒரு முழ நீளத்துக்கு ஈரம் இருந்தது. சுவேதினி தொட்டாள். திரைந்த பால் வெதுவெதுப்பாக விரலில் ஒட்டியது.

"நாய் ஏதும் பாலைக் குடிச்சிட்டுச் சத்தி எடுத்திருக்கும்," என்றான் மில்ரன்.

"கூடாரத்தின்ரை சிப் பூட்டித்தானேயப்பா கிடந்தது. நாங்கள் மூண்டு நாளும் பால் விடாத வெறுந்தேத்தண்ணிதானே குடிச்சனாங்கள்."

மூன்று முறை துடைத்தாள். மூன்று முறையும் ஊறியது. கூடாரத்தை அப்படியே மடித்துச் சுருட்டினார்கள். காற்றை வெளியேற்ற மில்ரன் முழங்காலால் அமத்தினான். சுருளுக்குள்ளிருந்து ஏப்பம்போலச் சின்னதாக ஓர் ஏவறை வந்தது. புளித்த பால் நாற்றம் முகத்தில் அடித்தது.

"சீ, இதை இஞ்சையே எறிஞ்சிட்டுப் போவம்," என்று அவன் மறுபடி முழங்காலைத் தூக்கினான்.

"அமத்தாதேங்கோ," என்றாள் சுவேதினி.

பேருந்தில் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுருளைத் தோளில் சாய்த்து, மற்றக் கையால் மெல்லத் தட்டியபடி வந்தாள். உயிலங்குளம் தாண்டும்போது வெதுவெதுப்பாக ஏதோ முதுகில் வழிந்தது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.