நேற்றைய கடல்

"உங்க டிவியில ஓடுறது நேத்தைய கடல். கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று சொல்லி, அறை எண்ணையும் சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார் அந்த அம்மா.

கப்பலின் டிவிக்காரர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார்.

கப்பலின் எல்லா அறைகளிலும் டிவி உண்டு. அதில் முதல் சேனல் படமும் இல்லை, பாட்டும் இல்லை. கப்பலின் முன்பக்கம் பார்த்து வைத்திருக்கும் கேமரா காட்டுகிற கடல், நாள் முழுக்க. ஜன்னல் இல்லாத உள்ளறைக்காரர்களுக்கு அதுதான் ஜன்னல்.

உப்புக்காற்றில் கேமராக் கண்ணாடி வெளுத்துப்போகும். மூன்று நாளைக்கு ஒருமுறை காலை பத்து மணிக்கு ஒருவர் ஏணியில் ஏறித் துடைப்பார். துடைக்கிறவரின் மூக்குத் துவாரத்தைக் கப்பல் முழுக்கப் பார்க்க வேண்டாமே என்று, அந்த அரைமணி நேரம் முந்தின நாள் பதிவை ஓட்டிவிடுவார் டிவிக்காரர்.

தினமும் பத்தரைக்கு முன்தளத்தைத் திறந்துவிடுவார்கள், பயணிகள் வந்து படத்தில் விழுவார்கள். அதற்குள் நேரடிக் காட்சிக்கு மாறிவிட வேண்டும். அது ஒன்றுதான் கணக்கு.

ஆறு வருடமாக யாரும் கண்டுபிடித்ததில்லை. கடலில் என்ன நேற்று, என்ன இன்று?

போன மாதம் ஒரு படத்துக்கு வேறொரு படத்தின் ஒலி ஒருநாள் முழுக்க ஓடிவிட்டது. "இன்னொரு புகார் வந்தா அடுத்த ஒப்பந்தம் கிடையாது" என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

டிவிக்காரர் அந்த அறைக் கதவைத் தட்டும்போது மணி பத்து பதினெட்டு.

அம்மா நாற்காலியைத் திரைக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலில் அவருடைய கணவர், காலில் மாவுக்கட்டோடு. பயணத்தின் இரண்டாம் நாளே நீச்சல்குளத்துப் படியில் வழுக்கியவர்.

"நேத்து பத்து மணிக்கு ஒரு செவப்புப் படகு வலதுபக்கமாப் போச்சு. இன்னிக்கும் அதே நேரத்துக்கு அதே படகு அதே பக்கம் போகுது. அதுக்கு வேற வேலையே இல்லையா?"

மறைத்துப் பயனில்லை. டிவிக்காரர் ஏணி முதல் ஒப்பந்தம் வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

அம்மா கோபப்படவில்லை. "பத்தரைக்கு அப்புறமும் பதிவு இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா. ஆனா ஓட்ட முடியாது. நேத்து முன்தளத்துல நின்னவங்க எல்லாம் தெரிவாங்க. இன்னிக்கு அவங்க அறையில உக்காந்து அவங்களையே பார்த்தா என் கதை முடிஞ்சுது."

"ஓட்டுங்க. நிறுத்தினா நேரா உங்க மேலாளர்கிட்ட போவேன்."

கட்டிலில் இருந்தவர் பதறி எழ முயன்றார். "பாவம், விட்டுடேன். புள்ளகுட்டிக்காரரா இருப்பார். தம்பி, நீங்க மாத்துங்க. இவ சும்மா மிரட்டுறா."

முன்பின் தெரியாதவருக்காக இப்படி உருகுகிற மனிதரை டிவிக்காரர் அந்தக் கப்பலில் கண்டதில்லை. கண்ணில் நீர் வராத குறை.

பத்து இருபத்தெட்டு. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, கண்ணாடி தொடச்சாச்சு. மாத்திடவா?" என்றார் கட்டுப்பாட்டறையில் இருந்த கூட்டாளி.

அம்மா கதவைப் பார்த்து ஓர் அடி வைத்தார்.

"மாத்தாதே" என்றார் டிவிக்காரர்.

"அட, சொன்னாக் கேளுங்க தம்பி! வேலை போயிடும்!" என்று கெஞ்சினார் கட்டிலில் இருந்தவர். அவருக்கு வியர்த்துவிட்டிருந்தது.

பத்தரை. திரையில் முன்தளம் திறந்தது. தொப்பை குலுங்க ஒருவர் உடற்பயிற்சி செய்தார். இரண்டு அக்கா தங்கைகள் ஒரே தொப்பிக்காகச் சண்டை போட்டார்கள். ஒரு தாத்தா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு சுற்று ஆடிவிட்டுப் போனார்.

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. டிவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, வரவேற்புல போன் ஓயல. அறைக்கு அறை 'நான் டிவியில வர்றேன், நான் டிவியில வர்றேன்'னு குதிக்கிறாங்களாம். மேலாளரே பேசினார். ரொம்ப நல்ல யோசனை, யாருடையதுன்னு கேட்டார். உங்களதுன்னு சொல்லிட்டேன். இனி தினமும் போடணுமாம்."

டிவிக்காரர் கட்டிலின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "கேட்டீங்களா ஐயா, வேலை தப்பிச்சுது!"

ஐயாவின் முகத்தில் அதற்கான களை எதுவும் இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் மேல போகும்போது டிவியில என்னையே பாத்துக்கிட்டு இருங்கன்னு சொன்னேன்" என்றார் அம்மா, டிவிக்காரரிடம் சொல்வதுபோல. "திரும்பி வந்து கேட்டா, கண்ணு இமைக்காம பாத்தேன், நீ கை காட்டினே, நானும் கை காட்டினேன்னு சத்தியம் பண்ணினார்."

பத்து முப்பத்தேழு. திரையின் இடது ஓரத்திலிருந்து அந்த அம்மாவே நடந்து வந்தார். கேமராவுக்கு நேரே நின்றார். காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் ஒரு பெரிய அட்டையை விரித்துப் பிடித்தார். கொட்டை எழுத்து, உள்ளறை வரை தெளிவாகத் தெரிந்தது:

'தூங்கிட்டுத்தானே இருக்கீங்க?'



டிவிக்காரர் மெல்ல வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய், நேரடிக்கு மாற்றச் சொன்னார்.

"இனிமே மாத்தி என்ன புண்ணியம் தம்பி?" என்றார் அந்தத் தங்கமான மனிதர்.