கண்ணாடிச் சுவர்

சின்ன ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு, பக்கத்துக் கொட்டகைக்காரர் கிரிம்ஷா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே இஞ்சி பிஸ்கட்.

ஃபெனெல்லா உதட்டைச் சுழித்தாள். லண்டனின் அந்தச் சந்தில் குதிரை லாயங்களெல்லாம் எப்போதோ பணக்கார வீடுகளாகிவிட்டன. இந்த மனிதர் மட்டும் இன்னும் ஓட்டைக் கார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கறைச் சட்டையோடு திரிந்தார்.

அவள் வாங்கியதும் லாயம்தான். சந்தைப் பார்த்த பக்கம் வெயிலே படாது. கிரிம்ஷாவின் முற்றத்தைப் பார்த்திருந்த அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பகலென்று ஏதோ கொஞ்சம் உள்ளே வரும்.

இருட்டுப் பிடித்த வீடுகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவள் அவள். மிச்சத்தையாவது வெளிச்சத்தில் கழிக்கத்தான், அம்மா விட்டுப்போன வீட்டை விற்று மொத்தத்தையும் இதில் போட்டாள். ஜன்னலை அடைத்துவிட்டு, அதே முற்றப் பக்கம் கொஞ்சம் தள்ளி, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர்.

ஆர்க்கிடெக்ட் ஒருமுறை தயங்கினார். ரொம்பப் பழைய ஜன்னல், அடைப்பதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளலாமே என்றார்.

"அந்தப் பொந்துக்கா வக்கீல்?" என்றாள்.

யார் வீட்டை மாற்றிக் கட்டினாலும் நகராட்சிக்கு ஆட்சேபக் கடிதம் எழுதுவது அந்தச் சந்தின் வழக்கம். இவளுக்கு எதிராகவும் எல்லோரும் எழுதினார்கள், கிரிம்ஷாவைத் தவிர. அவருக்கு எழுத வராது என்று ஃபெனெல்லா முடிவுகட்டிக்கொண்டாள்.

வீடு முடிந்த அன்று வெள்ளைத் தரை முழுக்க வெயில் படுத்துக் கிடந்தது. அவள் அதன் நடுவில் வெகுநேரம் நின்றாள்.

சந்துக்காரர்களை வைன் குடிக்க அழைத்தாள். கிரிம்ஷா அதே சட்டையோடு வந்து கண்ணாடியருகே நின்றார்.

"வெளிச்சம்னா என்னன்னு இப்பவாவது தெரியுதா, மிஸ்டர் கிரிம்ஷா?"

"நல்லாவே தெரியுது, மேடம்."

மறுவாரம் அவருடைய முற்றத்தில் ஒரு லாரி செங்கல் இறங்கியது. கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளிச் சாரம் எழுந்தது. ஃபெனெல்லா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

கொட்டகையை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப்போவதாகச் சொன்னார் கிரிம்ஷா. ஜன்னலை அடைத்த மறுநாளே விண்ணப்பித்து, அனுமதியும் வந்துவிட்டதாம்.

"என் வெளிச்சத்தை மறைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. கோர்ட்டுக்குப் போவேன்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இருபது வருஷம் வெளிச்சம் வாங்கிய ஜன்னலை மறைக்கத்தான் சட்டம் விடாது. இவளுடைய கண்ணாடி நேற்று வந்தது.

அவள் திரும்பி, பழைய ஜன்னலை அடைத்த இடத்தைப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஜன்னலை யாராவது அடைக்க மாட்டாங்களான்னு எங்கப்பா சாகறவரைக்கும் காத்துக்கிட்டிருந்தார், மேடம்."