அறிந்த குறை

பிழையைத் திருத்துவதைவிட அதைக் கையேட்டில் அச்சடிப்பது மேலாளர் வரதராஜனுக்குச் சுலபம். மருத்துவமனைக் கணினிகளைக் கண்காணிக்க அவர்கள் நிறுவனம் விற்ற மென்பொருள், சர்வர் செத்த பிறகும் சில நேரம் பச்சை விளக்கையே காட்டும். "அறிந்த குறைகள்னு ஒரு வரி போட்டுடும்மா" என்றார். கையேடு தயாரிக்கும் பிலோமினா கூசிக்கொண்டே எழுதினாள்.

நான்கு மாதம் கழித்து நர்ஸ் ஒருத்தி போனில் அழுதாள். "சர்வர் செத்து, பேஷண்டோட மானிட்டர் இணைப்பு அறுந்ததே தெரியல மேடம். உங்க ஸ்கிரீன்ல பச்சையாத்தான் இருந்துச்சு. அந்த அம்மா போயிட்டாங்க."

விஷயத்தைக் கேட்ட வரதராஜன் கொட்டாவியைக்கூட மறைக்கவில்லை. "படிக்கத் தெரியாத ஜென்மங்க. நாப்பத்தோராம் பக்கத்தைப் பாருன்னு சொல்லு."

செருப்பில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல் பிலோமினா அவரைப் பார்த்தாள். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன் நகர்த்தினாள்.

"லைன்லதான் இருக்காங்க. நீங்களே சொல்லுங்க சார்."

மறுமுனையில் அழுகை நின்றிருந்தது.